செத்த கிருமி தந்த பயிற்சி: ஸ்பெயின் காட்டுப்பன்றித் தடுப்பு மருந்து பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நடு ஸ்பெயினில் வேட்டையில் விழுந்த காட்டுப்பன்றிக்குக் காசநோய் இருந்ததா என்று பார்க்க வேண்டுமானால், தாடைக்குக் கீழே உள்ள நிணநீர் முடிச்சை அறுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. நலமான முடிச்சு மெத்தென்று அறுபடும். நோய் கண்ட முடிச்சில் கத்தி நறநறக்கும். உள்ளே தயிர்க்கட்டி போன்ற வெளிர்மஞ்சள் பொருளும், அதனிடையே மணலைப் போன்ற சுண்ணாம்புப் படிவும் இருக்கும். பிறவி எதிர்ப்பாற்றலுக்கும், அதாவது எந்தக் குறிப்பிட்ட கிருமியையும் கற்றுக்கொள்ளாமலே உடலில் இருக்கும் பொதுவான பாதுகாப்புக்கும், நினைவு உண்டா என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அதற்காக நாம் பார்க்கப்போகிற காட்டுப் பகுதிகளில், தடுப்பு மருந்து முயற்சி தொடங்குவதற்கு முன் இந்நோய் 50 முதல் 100 விழுக்காடு வரையான பன்றிகளிடம் காணப்பட்டது. சில இடங்களில் நோயில்லாத பன்றியைத்தான் தேட வேண்டியிருந்தது.

பன்றிக்கு வருகிற இந்தக் காசநோய், மாட்டுக் காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸும் அதன் நெருங்கிய உறவுக் கிருமிகளும் உண்டாக்குவது. ஸ்பெயினில் மாடுகளைத் தோல் சோதனையால் சோதித்து, நோய் கண்டவற்றை வெட்டி அகற்றும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆனால் மத்தியதரைக் காடுகளில் கோடையில் நீர் வற்றும்போது, எஞ்சியிருக்கும் சில குட்டைகளிலேயே மாடும் மானும் பன்றியும் நீர் குடிக்கின்றன. தொழுவத்தை எவ்வளவு சுத்தமாக்கினாலும் காட்டில் கிருமி தங்கியிருக்கும்வரை அது மந்தைக்குள் திரும்பி வந்துவிடுகிறது. காட்டுப்பன்றியைச் சோதித்து அகற்ற முடியாது. சுட்டுக் குறைக்கலாம் என்றால், அதன் இனப்பெருக்க வேகமும் வேட்டைப் பண்ணைகளின் வருவாயும் அதற்கு இடம் தருவதில்லை. எனவே தடுப்பு மருந்து என்ற வழி மிஞ்சியது. அதையும் ஊசியில் அல்ல, வாய்வழியாகவே கொடுத்தாக வேண்டியிருந்தது.

இந்த வேலையை முன்னெடுத்தவை இரண்டு நிறுவனங்கள்: பாஸ்க் நாட்டின் வேளாண் ஆய்வு நிறுவனமான நெய்க்கர், சியுதாத் ரியல் நகரில் உள்ள வேட்டை உயிரின ஆய்வு நிறுவனமான இரெக். அவர்கள் எடுத்துக்கொண்ட மருந்தின் செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. காட்டுப்பன்றியிடமிருந்தே எடுத்த மைக்கோபாக்டீரியம் போவிஸை வளர்த்து, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் கொன்று, செத்த கிருமியை முழுதாகவே மருந்தாக்குவது. செத்த காசநோய்க் கிருமியால் பெரிய பாதுகாப்பு கிடைக்காது, உயிருள்ள பலவீனக் கிருமியான பிசிஜி போன்றவைதான் உதவும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 2011இல் வெளியான முதல் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. செத்த கிருமியை வாயில் கொடுத்தாலும் தசையில் போட்டாலும், பின்னர் நோய்க்கிருமி செலுத்தப்பட்ட பன்றிக்குட்டிகளுக்கு மருந்து பெறாதவற்றைவிட நோய்ப்புண்கள் குறைந்தன.

காட்டுக்கு ஏற்றது என்ற வகையில் செத்த கிருமிக்கு வேறு அனுகூலங்களும் உண்டு. வெயிலில் கிடக்கும், மருந்து பொதிந்த இரைக்குள் பிசிஜி உயிரோடு இருக்க வேண்டும், செத்த கிருமிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உயிருள்ள எதுவும் பன்றியின் சாணத்தில் வெளியேறிச் சூழலில் பரவும் என்ற கவலையும் இல்லை.

இரையின் வடிவமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் தடுப்பு மருந்துகள் ஆய்வகத்தில் வெல்வதும் களத்தில் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். பன்றிக்குட்டித் தீவனம், கோதுமை மாவு, சர்க்கரை, பாரஃபின் மெழுகு ஆகியவற்றைச் சேர்த்து, இலவங்கப்பட்டையும் டிரஃபிள் காளானும் கலந்த மணமூட்டி, அரைக்கோள வடிவில் அச்சிடப்பட்ட சிறு உருண்டைகள் அவை. மருந்து உள்ளே ஒரு சிறு குப்பியில் இருக்கும். பெரிய பன்றியும் மானும் தின்றுவிடாமல், கம்பி இடைவெளி வழியே குட்டி மட்டும் நுழையக்கூடிய கூண்டுகளில் இவற்றை வைத்தார்கள். இரண்டு முதல் ஆறு மாத வயதுக் குட்டிகளே இலக்கு. காட்டுப்பன்றிக் கூட்டத்தில் தலைமுறைகள் விரைவாக மாறுவதால், சில ஆண்டுகள் குட்டிகளை மட்டும் காப்பாற்றினாலே கூட்டம் முழுவதிலும் மாற்றம் தெரியும் என்பது கணக்கு.

நான்கு ஆண்டுகள் நடந்த கள ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. நான்கு இடங்கள், இரண்டில் செத்த கிருமி, இரண்டில் பிசிஜி, ஒவ்வோர் இணையிலும் ஓர் இடம் வேலியிட்டுத் தீவனமிட்டுப் பராமரிக்கப்படும் வேட்டைப் பண்ணை, மற்றொன்று இயற்கையாக விடப்பட்ட காடு. ஒப்பீட்டுக்கு மருந்தே வைக்காத 15 இடங்களும் கண்காணிக்கப்பட்டன. பராமரிக்கப்பட்ட பண்ணைகளில் 89 முதல் 92 விழுக்காடு வரையும் இயற்கைக் காடுகளில் 50 முதல் 74 விழுக்காடு வரையும் இரை எடுத்துக்கொள்ளப்பட்டது. காட்டு விலங்குக்கு வாய்வழி மருந்து என்ற துறையில் இது நல்ல எண்ணிக்கை. மருந்து வைக்காத இடங்களில் காசநோய் 6 விழுக்காடு கூடியது. செத்த கிருமி வைத்த பண்ணையில் 34 விழுக்காடு குறைந்தது. மற்ற மூன்று இடங்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் செய்திக் குறிப்புகள் பொதுவாக விழுங்கிவிடும். நான்கில் ஒன்றில்தான் வெற்றி, அதுவும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே ஓர் இடம் என்ற நிலையில் கிடைத்த வெற்றி. அந்தப் பண்ணைக்கே உரிய வேறு காரணம் எதுவும் இந்த வீழ்ச்சிக்கு உதவவில்லை என்று இந்த அமைப்பை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ப இதைத் தகவமைக்க வேண்டும் என்று ஆய்வாளர்களே அடக்கமாக முடித்திருக்கிறார்கள். அவர்களது கணித மாதிரி இன்னொன்றையும் சொன்னது: குட்டிகளுக்கு மருந்து கொடுத்தால் நீண்டகாலத்தில் நோய் குறையும், கூடவே பன்றிகளின் எண்ணிக்கை கூடும். வேட்டைப் பண்ணைக்காரருக்கு இது நல்ல செய்தி. பக்கத்து வயல்காரர் என்ன சொல்வார் என்பது மாதிரிக்குள் வரவில்லை.

சந்தேகம் எழுந்த இடம்

இதுவரை சொன்னதில் பிறவி எதிர்ப்பாற்றலின் நினைவு எங்கே வந்தது என்று வாசகர் கேட்கலாம். காசநோய்க் கிருமியைக் கொடுத்துக் காசநோயைத் தடுத்தால், அது வழக்கமான தடுப்பு மருந்துதானே? கேள்வி சரியானது. ஆனால் பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்தவர்களுக்குக் கிடைத்த தடயம் வேறு திசையைக் காட்டியது. பாதுகாப்போடு சேர்ந்து உயர்ந்திருந்தவற்றுள் முக்கியமானது சி3 என்ற நிரப்புப் புரதம். இது எந்தக் குறிப்பிட்ட கிருமிக்கும் எதிராக உடல் கற்றுக்கொண்டு உருவாக்குகிற பொருள் அல்ல. அந்நியக் கிருமியின் மேற்பரப்பில் ஒட்டி, விழுங்கு செல்களுக்கு அதை அடையாளம் காட்டுகிற பழைய, பொதுவான ஆயுதம். பின்னர் இதே செத்த மாட்டுக் கிருமி வரிக்குதிரை மீன்களுக்குக் கொடுக்கப்பட்டபோது, மீன்களைத் தாக்கும் வேறொரு மைக்கோபாக்டீரியத்தால் வரும் நோய் அவற்றில் குறைந்தது. பாலூட்டியும் மீனும் பரிணாமத்தில் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. இரண்டிலும் ஒரே மருந்து வேலை செய்கிறது என்றால், அது தொடும் இடம் மிகப் பழைய அடுக்கில் இருக்க வேண்டும் என்று ஊகிப்பது இயல்பு.

அந்தப் பழைய அடுக்கைத்தான் பாடநூல்கள் இயல்பு நோய்த்தடைகாப்பு என்கின்றன. இங்கே பிறவி எதிர்ப்பாற்றல் என்று சொல்கிறேன். இரத்தத்தில் சுற்றும் மோனோசைட், திசுக்களில் வாழும் விழுங்கு செல்லான மேக்ரோபேஜ், இயற்கைக் கொல்லி செல் ஆகியவை இதில் அடங்கும். ஒரு குறிப்பிட்ட கிருமியைச் சந்தித்துக் கற்றுக்கொள்ளும் பெற்ற எதிர்ப்பாற்றலுக்கு நினைவு உண்டு, பிறவி எதிர்ப்பாற்றலுக்குக் கிடையாது, ஒவ்வொரு முறையும் புதிதாகவே போராடும் என்றுதான் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2011இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரைச் சேர்ந்த மிஹாய் நெட்டியாவும் அவருடைய குழுவினரும் இந்தப் பிரிவினையைக் கேள்விக்குள்ளாக்கி, பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல் என்ற பெயரை முன்வைத்தார்கள். மறு ஆண்டே, டி செல்லும் பி செல்லும் இல்லாத எலிகளுக்கு பிசிஜி கொடுத்தால், கேண்டிடா என்ற பூஞ்சையின் கொடிய தொற்றிலிருந்து அவை பாதுகாப்புப் பெறுகின்றன என்று காட்டப்பட்டது. பெற்ற எதிர்ப்பாற்றலுக்கு வேண்டிய செல்களே இல்லாத உடலில், தொடர்பே இல்லாத ஒரு கிருமிக்கு எதிராக எழுந்த பாதுகாப்பு அது.

இது நிகழும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிசிஜியின் செல்சுவர்த் துண்டு ஒன்றை மோனோசைட்டின் உள்ளே உள்ள ஏற்பி உணர்கிறது. செல் தன் ஆற்றல் தேவைக்குக் குளுக்கோஸை வேகமாக உடைக்கும் பாதைக்கு மாறுகிறது. அதன் விளைவாக, டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில், அழற்சிப் புரதங்களின் மரபணுக்கள் தொடங்கும் இடங்களில், மெத்தில் குறிகள் என்ற சிறு வேதியியல் அடையாளங்கள் படிகின்றன. மரபணு எழுத்து மாறுவதில்லை. அந்தப் பக்கம் மடித்து வைத்த புத்தகம் போலத் திறந்தவுடன் கைக்கு வருகிறது. அடுத்த முறை எந்தக் கிருமி வந்தாலும் பதில் விரைவாகவும் வலுவாகவும் எழுகிறது. இரத்த மோனோசைட்டின் ஆயுள் சில நாள்கள்தானே, பயிற்சி எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது என்ற நியாயமான ஐயத்துக்கு 2018இல் எலிகளில் விடை கிடைத்தது: பயிற்சி எலும்பு மச்சையில் உள்ள மூல செல்களுக்கே போய்ச் சேர்கிறது, அங்கிருந்து புதிதாகப் பிறக்கும் செல்கள் பயிற்சியோடு பிறக்கின்றன.

விலங்கு மருத்துவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி உரிமை உண்டு. பிசிஜி (BCG) என்ற பெயரின் கடைசி எழுத்துக்கு உரிய கமில் கெரான் (Guérin) ஒரு கால்நடை மருத்துவர். அவரும் மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட்டும் 1908 முதல் 1921 வரை பிரான்சின் லீல் நகரில், மாட்டிடமிருந்து எடுத்த கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துப் பலவீனப்படுத்தினார்கள். பிசிஜி பெற்ற குழந்தைகளிடம் காசநோய் மட்டுமல்லாமல் மொத்த இறப்பே குறைவதைக் கால்மெட் அப்போதே கவனித்திருக்கிறார். அதற்கு விளக்கம் கிடைக்க ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டு வாசகருக்கு பிசிஜி என்றால் செங்கல்பட்டும் நினைவுக்கு வரும். 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த அந்த மாபெரும் ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராக பிசிஜி பாதுகாப்பு எதையும் தரவில்லை. மண்ணிலும் நீரிலும் இருக்கும் பிற மைக்கோபாக்டீரியங்களை மக்கள் ஏற்கெனவே சந்தித்திருந்ததால் மருந்தின் பங்கு மறைந்துபோனது என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. ஸ்பெயினில் இயற்கையாக விடப்பட்ட காடுகளில் மருந்தின் விளைவு தெரியாமல் போனதைப் படிக்கும்போது இதை மறக்க முடியவில்லை. சேற்றில் புரண்டு, பிணம் தின்று, தாயிடமிருந்தே கிருமியைப் பெற வாய்ப்புள்ள இரண்டு மாதக் குட்டி, இரையைத் தேடி வரும்போது உண்மையில் எத்தனை முன்சந்திப்புகளோடு வருகிறது?

24 பன்றிக்குட்டிகள்

காசநோய்க்கு எதிரான பாதுகாப்பை மட்டும் வைத்துப் பிறவி நினைவை நிரூபிக்க முடியாது. பாதி வேலையை டி செல்கள் செய்திருக்கலாம். தொடர்பே இல்லாத ஒரு கிருமியை எதிரில் நிறுத்துவதுதான் சரியான சோதனை. அதே ஆய்வு வட்டாரம் 2022இல் வெளியிட்ட சோதனை அதைத்தான் செய்தது. இந்த நிகழ்வின் மையம் இதுவே என்பதால் இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

பத்து நாள் வயதுள்ள 24 பெண் பன்றிக்குட்டிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. பத்துக் குட்டிகளுக்கு வெப்பத்தால் கொன்ற மைக்கோபாக்டீரியம் போவிஸ் வாய்வழியாக இரண்டு தவணை கொடுக்கப்பட்டது. ஒன்பது குட்டிகளுக்கு அது இல்லை. இந்தப் பத்தொன்பதுக்கும் பின்னர் மூச்சுக்குழாய் வழியாக, பன்றிகளைத் தாக்கும் பாக்டீரியமான சால்மொனெல்லா கொலரேசூயிஸ் செலுத்தப்பட்டது. எஞ்சிய ஐந்து குட்டிகளுக்கு மருந்தும் இல்லை, தொற்றும் இல்லை. 21 நாள்களுக்குப் பின் எல்லாவற்றுக்கும் உடற்கூறாய்வு நடந்தது. மைக்கோபாக்டீரியத்துக்கும் சால்மொனெல்லாவுக்கும் உறவு தூரம். செல்சுவரின் கட்டமைப்பே வேறு. ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றைத் தடுத்தது என்று சொல்ல இடமில்லாத இணை இது.

மருந்து பெற்ற குட்டிகளுக்கு எடை நன்றாகக் கூடியது. மூச்சுத் தொல்லைகளும் நுரையீரல் புண்களும் குறைந்தன. இரத்தத்தில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதமும், நுரையீரலில் சிசிஎல்28 என்ற, சளிச்சவ்வு எதிர்ப்பில் பங்கு வகிக்கும் சமிக்ஞைப் புரதமும் கூடுதலாக இருந்தன. கொழுப்பு சிதைவதைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைடு குறைந்தும், செல்லைக் காக்கும் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேஸ் நொதியின் செயல்பாடு கூடியும் இருந்தன. அழற்சிச் சமிக்ஞை உயர்ந்திருக்க, அழற்சியால் திசுவுக்கு நேரும் சேதம் குறைந்திருக்கிறது. பயிற்சி என்ற சொல்லுக்குப் பொருத்தமான படம்தான்: கோபம் கூடியிருக்கிறது, ஆனால் கை தேர்ந்திருக்கிறது.

ஆனால் சாணத்தில் வெளியேறிய சால்மொனெல்லாவின் அளவு மாறவில்லை. உறுப்புகளில் குடியேறிய கிருமியும் குறையவில்லை.

இந்த இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன், ஏனெனில் துறையின் முழுச் சிக்கலும் இவற்றில் இருக்கிறது. ஒரு விலங்கு நோயை இரண்டு வழிகளில் சமாளிக்கலாம். கிருமியைக் கொன்று குறைப்பது ஒன்று. கிருமி இருக்கும்போதே அதனால் வரும் சேதத்தைத் தாங்கிக்கொள்வது மற்றொன்று. இந்தச் சோதனையில் கிடைத்தது பெரும்பாலும் இரண்டாவது வகை. பன்றி வளர்ப்பவரின் கணக்கில் இது வெற்றி: குட்டிக்கு நோய்த்தொல்லை குறைகிறது, எடை போடுகிறது. இறைச்சி உண்பவரின் கணக்கில் அப்படியல்ல. சால்மொனெல்லா மனிதருக்கும் தொற்றக்கூடிய கிருமிக் குடும்பம். நோயாகக் கிடக்கும் குட்டியைப் பண்ணையில் பிரித்து வைப்பார்கள். நலமாகத் துள்ளிக்கொண்டே கிருமியை வெளியேற்றும் குட்டியை யாரும் பிரிக்க மாட்டார்கள். அந்த நிலையில் இந்த மருந்து நோயை மறைத்துக் கிருமியைத் தங்கவிடுமோ என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. இது ஒரு கருத்து நிரூபணச் சோதனை மட்டுமே என்று ஆய்வுக் கட்டுரையே சொல்கிறது. கிருமி வெளியேற்றம் மாறவில்லை என்பதை மறைக்காமல் சுருக்கத்திலேயே எழுதியது அவர்களது நேர்மை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பத்தும் ஒன்பதும் சிறிய எண்கள். பண்ணைகளில் சால்மொனெல்லா பெரும்பாலும் வாய் வழியாக நுழையும். இங்கே மூச்சுக்குழாய் வழியாக நேரே நுரையீரலுக்கு அனுப்பப்பட்டது. வாய் வழியாகப் பயிற்சி கொடுத்து நுரையீரலைச் சோதித்தது, பயிற்சி உடல் முழுவதும் பரவுகிறதா என்று பார்க்க நல்ல உத்தி. குடலில் நடக்கப்போவதை அது சொல்லாது. 21 நாள்களுக்குப் பின் பாதுகாப்பு எத்தனை மாதம் நிற்கும் என்பதும் இந்தச் சோதனைக்கு வெளியே.

கன்றின் இரத்தமும் கன்றின் நுரையீரலும்

பயிற்சி எந்த இடத்தில் தங்குகிறது என்ற கேள்விக்கு 2019இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜோடி மெக்கிலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கன்றுச் சோதனை எதிர்பாராத ஒரு விடையைத் தந்தது. இளங்கன்றுகளுக்கு பிசிஜியை நுண்துளியாக மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். பின்னர் எடுத்த இரத்த செல்களை வேறு கிருமிகளின் துண்டுகளால் தூண்டியபோது, மருந்து பெறாத கன்றுகளின் செல்களைவிட அவை அழற்சிப் புரதங்களை அதிகமாகச் சுரந்தன. வளர்சிதை மாற்றத்திலும் மாறுதல் தெரிந்தது. இந்நிலை குறைந்தது மூன்று மாதம் நீடித்தது. மனிதரிலும் எலியிலும் கண்டது மாட்டிலும் உண்டு என்று தெளிவானது. ஆனால் மருந்து நேரே போய் இறங்கிய நுரையீரலின் காற்றுப்பைகளில் வாழும் மேக்ரோபேஜ்களில் பயிற்சியின் அறிகுறி எதுவும் இல்லை. நுரையீரலுக்கு வரும் கிருமியை முதலில் சந்திப்பவை அவைதான். வாசலில் காவலிருப்பவன் அப்படியே இருக்க, ஊருக்குள் இருப்பவர்கள் பயிற்சி பெற்றுவிட்டார்கள்.

கன்றுகளுக்கு வரும் சுவாச நோய்த்தொகுதி, கறவைப் பண்ணைகளிலும் இறைச்சிப் பண்ணைகளிலும் பெரும் இழப்பைத் தருவது. பல வைரஸ்களும் பாக்டீரியங்களும் அதில் மாறி மாறிப் பங்கெடுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசி போடுவதைவிட, பொதுவான பயிற்சி ஒன்று போதும் என்ற எண்ணம் கவர்ச்சியானது. சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் இளங்கன்றின் தடுப்பூசியை நடுநிலையாக்கிவிடும் என்பது களத்தில் எல்லோரும் அறிந்த தொல்லை. பிறவி எதிர்ப்பாற்றலைத் தொடும் மருந்துக்கு அந்தத் தொல்லை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அதிகமாகச் சுரக்கும் அழற்சிப் புரதம் எப்போதும் நன்மை அல்ல. நுரையீரல் நோயில் கன்றைக் கொல்வது பல நேரங்களில் கிருமியைவிட, கிருமியை எதிர்க்க எழுந்த அழற்சியே. வளரும் விலங்கில் அழற்சிக்குச் செலவாகும் ஆற்றல் எடையிலிருந்துதான் கழியும். ஸ்பெயின் பன்றிக்குட்டிகளில் எடை கூடியது ஆறுதலான செய்தி. அது எல்லா இனத்துக்கும், எல்லாப் பயிற்சிப் பொருளுக்கும் பொருந்தும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ள முடியாது.

எதை அளப்பது

இந்த நிகழ்விலிருந்து எனக்குத் தோன்றுவது இது. பிறவி எதிர்ப்பாற்றலின் நினைவு விலங்குகளில் உண்மையானது, பயன்படக்கூடியது. ஆனால் அதன் வெற்றியை நோய்ப்புண்ணையும் எடையையும் வைத்து மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். கிருமி வெளியேற்றத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதையும் அளக்காத சோதனையை, மனிதருக்குத் தொற்றும் நோய்களில் கொள்கை முடிவுக்கு அடிப்படையாக்கக் கூடாது. அளப்பது சாத்தியமா என்றால், சாத்தியமே. எத்தியோப்பியாவில் அபெபே ஃப்ரோம்சா, ஆண்ட்ரூ கான்லன், விவேக் கபூர் உள்ளிட்டோர் நடத்தி 2024இல் வெளியான மாட்டு பிசிஜி ஆய்வு அதைச் செய்தது. மருந்து பெற்ற கன்றுகளும் பெறாதவையும் முதலில் நோயுற்ற மாடுகளோடு வாழவிடப்பட்டன. அங்கே நோய் தொற்றியவை பிறகு புதிய கன்றுகளோடு சேர்த்து வைக்கப்பட்டன. மருந்து பெற்ற விலங்குக்குக் கிடைத்த நேரடிப் பாதுகாப்பு 58 விழுக்காடு மட்டுமே. ஆனால் அது நோயுற்றாலும் பிறவற்றுக்குப் பரப்பும் திறன் 74 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தப் பயன் 89 விழுக்காடு. நோயுற்ற மாட்டை வெட்டி அகற்றுவது சமூகத்தாலும் பொருளாதாரத்தாலும் இயலாத எத்தியோப்பியா, இந்தியா போன்ற நாடுகளுக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

பிசிஜிக்குப் பரவலைக் குறைக்கும் ஆற்றல் இருப்பதில் குறிப்பான எதிர்ப்பாற்றலுக்கும் பொதுப் பயிற்சிக்கும் எவ்வளவு பங்கு என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. அது அதன் நோக்கமும் அல்ல. ஆனால் சால்மொனெல்லா சோதனையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பிரிவினை தெரிகிறது. குறிப்பான நினைவும் பொதுப் பயிற்சியும் இரண்டும் கிடைக்கிற இடத்தில் கிருமி பரவுவதும் குறைகிறது. பொதுப் பயிற்சி மட்டும் கிடைத்த இடத்தில் சேதம் குறைந்தது, கிருமி குறையவில்லை. இரண்டு சோதனைகளை வைத்து விதி எழுத முடியாது. ஆயினும், இருக்கிற தடுப்பூசிகளுக்குப் பதிலாகப் பயிற்சிப் பொருள்களை வைப்பதைவிட, அவற்றோடு சேர்த்து, குறிப்பான எதிர்ப்பு முதிரும்வரை உள்ள முதல் சில வாரங்களை நிரப்பப் பயன்படுத்துவதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி என்று நான் கருதுகிறேன். ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் போன்றவை, தீவனத்தில் கலந்து கொடுக்கும் வசதியால் இதே வேலைக்கு ஆட்டிலும் கோழியிலும் மீனிலும் சோதிக்கப்பட்டுவருகின்றன. தீவனச் சந்தையில் அவை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும்போது, எந்த வயதில், எத்தனை தவணை, எந்த நோயில், எதை அளந்து என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

ஸ்பெயின் காட்டுக்கே திரும்புவோம். பன்றிக்கு வைத்த இரையை மாடு தின்றுவிட்டால் என்னாகும் என்ற அச்சம் அங்குள்ள கால்நடைத் துறையினருக்கு இருந்தது. பிசிஜி பெற்ற மாடு தோல் சோதனையில் நோயுற்றது போலவே காட்டிவிடும். நோயில்லாத மாட்டை வெட்ட நேரும், ஒரு பண்ணையே முடக்கப்படும். 2016இல் பிரிட்டனைச் சேர்ந்தவர்களும் நெய்க்கர் ஆய்வாளர்களும் சேர்ந்து மாடுகளுக்கு வெப்பத்தால் கொன்ற கிருமியை வாய்வழியாகக் கொடுத்துச் சோதித்தபோது, மாட்டுக் காசநோய்ச் சோதனைகளை அது பாதிக்கவில்லை. சோதனையை ஏமாற்றாத அளவுக்கு அமைதியாகவும், பன்றிக்குட்டியின் நுரையீரலைக் காக்கும் அளவுக்கு வலுவாகவும் ஒரே மருந்து இருப்பது, அது வழக்கமான பாதையில் மட்டும் வேலை செய்யவில்லை என்பதற்கு இன்னொரு தடயம். கூண்டுக்குள் குட்டி மட்டும் நுழையும்படி கம்பிகளை நெருக்கி வைத்தவர்கள், மாட்டைப் பற்றிய அந்த ஒரு கவலையை இப்போது குறைத்துக்கொள்ளலாம். அதே குட்டி குட்டையருகே போடும் சாணத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அடுத்து எண்ண வேண்டும்.